வேலியில் தெளித்த வாசம்

குள்ளநரிக்கு மனிதனைக் கண்டால் வரும் பயத்தை மட்டும் தனியே எடுத்துவிட முடியும் என்று கண்டுபிடித்தபோது, அதை யாரும் பெரிய காரியமாக நினைக்கவில்லை. அப்போது பெரிய காரியம் எலிதான்.

பல்லடத்துக்குத் தெற்கே, கொரங்காடு என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலத்தை சைட் போட்டு விற்றதில் எழும்பியது கிளுவங்காட்டு நகர். பாதி வீடுகள், பாதி காலி மனைகள். காலி மனைகளில் வேலிக்காத்தானும் குப்பையும் சேர்ந்து எலிகளுக்கு வசதியாகப் போயிற்று. அடுத்தடுத்து இரண்டு மழைக்காலங்கள் விடாமல் பெய்ததும் எலிக்காய்ச்சல் வந்தது. பழைய மருந்து எதற்கும் கேட்காத காய்ச்சல். விஷம் வைத்தார்கள், ஆந்தை செத்தது, பூனை செத்தது, தெருநாய்கள் செத்தன, எலி மட்டும் சாகவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் லோகநாதனின் மனைவி, காலையில் வாசல் கூட்டியவர், நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில்தான் ஃபஸீலா முதல்முறையாகப் பேசினாள். கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மைக்கைப் பிடிக்கக் கூச்சப்பட்டாள்.

"இந்த எடத்துல வீடு வர்றதுக்கு முன்னாடி எலியைப் புடிச்சுத் தின்னுட்டு இருந்தது குள்ளநரிதானுங்க. இப்பவும் வாய்க்கால் மேட்டுக்கு அந்தாண்ட கொஞ்சம் இருக்குது. நம்மளுக்குப் பயந்துக்கிட்டு உள்ள வர்றதில்லை. அந்தப் பயத்தை மட்டும் எடுத்துட்டா போதுமுங்க. கறியில ஒரு மருந்தை வெச்சுக் குடுப்போம். நாய் மாதிரி ஆயிறாது, பயப்படாதீங்க. நரி நரியாத்தான் இருக்கும். நம்மளைப் பாத்தா ஓடாது, அவ்வளவுதான்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி எழுந்தார். நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஆலை மூடியபின் வீட்டில் இருப்பவர்.

"பயம் போறது நம்மளுக்கு நல்லதுங்க, சரி. அதுக்கு நல்லதுங்களா?"

ஃபஸீலா உடனே பதில் சொன்னாள். "சாப்பாடு கெடைக்கும், தண்ணி கெடைக்கும். நல்லதுதானுங்களே அண்ணா."

லோகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். "எதையாச்சும் செய்யுங்கம்மா. நரியோ புலியோ, கொண்டாந்து உடுங்க."

நரிகளைப் பிடித்து வந்து குழந்தைகள் பூங்காவைச் சுற்றி வலையடித்து அதற்குள் விட்டார்கள். மருந்து தின்ற பிறகு அவை மனிதர்களோடு பழகிக்கொள்ள யாராவது ஒருவர் தினமும் உள்ளே உட்கார வேண்டும் என்றாள் ஃபஸீலா. திருமூர்த்தி போய் உட்கார்ந்தார். அவர் மனைவி சுகன்யாவுக்கு முதலில் பயமாக இருந்தது. ஒரு நாள் டிபன் கொடுக்கப் போனவள் பார்த்தபோது, அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் தொடையில் முதுகை ஒட்டிக்கொண்டு மூன்று நரிகள் தூங்கிக்கொண்டிருந்தன. பூனையைவிடக் கொஞ்சம் பெரியவை. சாம்பலில் புரண்டு எழுந்தது போன்ற நிறம், வால் நுனியில் மட்டும் கருப்பு. ஒன்றுக்கு வாலில் பாதி இல்லை. அதற்குக் கூழைவாலி என்று பெயர் வைத்திருந்தார்.

"சத்தம் போடாத புள்ள, இப்பத்தான் தூங்குச்சுக" என்றார்.

வலையை எடுத்த பிறகு நரிகள் ஊரெல்லாம் பரவின. காலி மனைகளில் வளை தோண்டின. காரின் அடியில் படுத்தன. துணி காயும் கொடிக்குக் கீழே குட்டிகளோடு விளையாடின. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நரி வரும்வரை நின்றார்கள். அடுத்த மழைக்காலத்தில் கிளுவங்காட்டு நகரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. செய்தி பரவி, சுற்றுவட்டாரத்துக் குடியிருப்புகளிலும் நரிகளை விட்டார்கள்.

ஆனாலும் திருமூர்த்தியிடம் அவை வைத்திருந்த ஒட்டுதல் வேறு. அவர் காலையில் நடக்கப் போனால் ஏழெட்டு நரிகள் பின்னாலேயே போகும். கடைக்குள் அவர் நுழைந்தால் வெளியே காத்திருக்கும். மளிகைக் கடைக்காரர், "அண்ணனோட அடியாளுக வந்தாச்சு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன திருமூர்த்தி, குழாயைத் திறந்தபடியே சரிந்தார். தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்காமல் கேட்கவேதான் சுகன்யா எழுந்து போய்ப் பார்த்தாள்.

சடங்குகள் முடிந்தன. உறவுக்காரர்கள் அவருடைய துணிமணிகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார்கள். அது வழக்கம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், அவளுடைய சேலைக்கு அடியில் தொங்கிய ஒரு காப்பிக்கொட்டை நிறச் சட்டை மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. சனிக்கிழமை போட்டுக் கழற்றியது. துவைக்காதது. சுகன்யா அதைக் காற்றுப் புகாத பையில் போட்டு பீரோவில் வைத்தாள். தாங்க முடியாத நாட்களில் மட்டும் திறப்பாள். வெயிலில் காய்ந்த துணியும் லேசாகப் புளித்த மோரும் கலந்தாற்போல ஒரு வாசம். ஒரு மூச்சுத்தான். உடனே மூடிவிடுவாள், தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில்.

நரிகள் தினமும் விடிகாலையில் வந்தன. கேட்டுக்கு வெளியே கிடந்த அவருடைய செருப்பை முகர்ந்துவிட்டு, படியோரம் உட்கார்ந்துகொள்ளும். சுகன்யா காப்பியோடு வந்து படியில் உட்காருவாள். சில மாதங்களில் அக்கம்பக்கத்தார் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பேசினால் அவளுக்குக் கஷ்டம் என்று நினைத்தார்கள். நரிகள் மட்டும் அப்படி எதுவும் நினைக்காமல் வந்து, முகர்ந்து, காத்திருந்தன. வெயில் ஏறியதும் போய்விடும். மறுநாள் திரும்ப வரும்.

அவர் போய் ஒரு வருடம் ஆன சமயத்தில் அது நடந்தது.

லோகநாதனின் பேரன், நாலு வயது, கூழைவாலியின் வளைக்குள் கையை விட்டுக் குட்டியின் காதைப் பிடித்து இழுத்திருக்கிறான். தாய் நரி அவன் கன்னத்தைக் கடித்துவிட்டது. நரிகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டிருந்ததால் வெறிநோய் பயம் இல்லை. ஆனால் கன்னத்தில் தையல், ரத்தம், பிள்ளையின் அலறல். வண்டியில் பேரனை அனுப்பிவிட்டு லோகநாதன் மூங்கில் தடியோடு காலி மனைக்குப் போனார்.

சத்தம் கேட்டு சுகன்யா ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. லோகநாதன் தரையில் உட்கார்ந்திருந்தார். தடி ஒரு பக்கம் கிடந்தது. கூழைவாலி அவர் காலருகே கிடந்தது. குட்டிகள் தாயைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஒன்று அவருடைய வேட்டி நுனியைக் கடித்து விளையாடியது.

"அண்ணா..." என்றாள் சுகன்யா.

"ஓடலை அம்மிணி." அவர் குரல் யாருடையதோ போல இருந்தது. "மொத அடி அடிச்சேன். கத்துச்சு. கத்திப்போட்டு மறுபடி என்ற கிட்டயே வந்துச்சு. ரெண்டாவது அடி வெச்சேன், அப்பவும் வந்துச்சு. ஓடியிருக்கலாமில்ல? ஓடியிருந்தா உட்டிருப்பனே. ஒரு எட்டு ஓடியிருந்தாக்கூட உட்டிருப்பனே..."

அவர் வேட்டியை இழுத்துக்கொண்டிருந்த குட்டியை சுகன்யா தூக்கினாள். அது அவள் கையில் வாகாகச் சுருண்டுகொண்டது.

அது ஆரம்பம்தான். பேரன் படம் எல்லார் கைப்பேசியிலும் வந்தது. பக்கத்துக் குடியிருப்பில் யாரோ குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். ஒருவன் காரை நிறுத்தி இறங்கி, தன்னிடம் வாலாட்டிக்கொண்டு வந்த நரியைக் கல்லால் அடித்துக் கொன்று அதைப் படமெடுத்தும் போட்டான். அடிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. துரத்த வேண்டியதில்லை, பொறி வைக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் போதும், வரும். மாதம் முடிவதற்குள் உத்தரவும் வந்தது: குடியிருப்புகளில் விடப்பட்ட நரிகளையெல்லாம் பிடித்து, வலியில்லாமல் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது.

ஃபஸீலா சுகன்யாவின் வீட்டுக்கு வந்தது அந்த வாரத்தில்தான். மெலிந்திருந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்குள்ள கொண்டுபோயி உட்டற முடியாதா?" என்று கேட்டாள் சுகன்யா.

"உட்டுப் பாத்தமுங்க்கா. மறுநாளே ஏதாவதொரு ஊருக்குள்ள வந்து நிக்குது. பயம் இல்லாம வெளியில பொழைக்கத் தெரியலை."

"அந்தப் பயத்தைத் திருப்பிக் குடுக்க முடியாதா அம்மிணி? எடுத்தது நீங்கதான?"

ஃபஸீலா தலையைக் குனிந்துகொண்டாள். "வெட்டுன வேரு மறுபடி முளைக்காதுக்கா. ஆனா ஒரு வழி இருக்குது. அதைக் கேக்கத்தான் வந்தேன். கேக்காமத் திரும்பிப் போயிரலாமுன்னு ரெண்டு தடவை உங்க தெருமுக்கு வரைக்கும் வந்துட்டுப் போயிட்டேன்."

"கேளுங்க."

"புதுசா ஒரு பயத்தை உண்டாக்க முடியாது. அதுக மனசுல ஏற்கெனவே ஆழமா இருக்கற ஒண்ணை எடுத்து, அப்படியே திருப்பி வெக்கலாம். எதைக் கண்டா ரொம்பப் பிரியமா ஓடி வருதோ, அதைக் கண்டாலே நடுங்கி ஓடற மாதிரி. பிரியம் எவ்வளவு பலமா இருக்குதோ, பயமும் அவ்வளவு பலமா வரும். இங்க இருக்கற எல்லாரோட துணியையும் அதுகளுக்கு முன்னாடி வெச்சுப் பாத்தோம். பெருசா எதுக்கும் அசையலை." அவள் கேட்டுப் பக்கம் பார்த்தாள். "போன வாரம் அண்ணனோட செருப்பை உங்ககிட்டச் சொல்லாம எடுத்துட்டுப் போனேன், மன்னிச்சுக்கங்க. அதை வெச்சப்ப கூண்டுல இருந்த அத்தனையும் கம்பிமேல ஏறி அழுதுதுங்க்கா."

சுகன்யா எட்டி, செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஆனா செருப்புல பாதிக்கு மேல ரோட்டு வாசம். மழையில நனைஞ்சிருக்குது. அவரு போட்ட துணி ஏதாச்சும், துவைக்காதது... அதுல இருந்து அந்த வாசத்தைப் பிரிச்செடுத்து, எவ்வளவு வேணுமுன்னாலும் செஞ்சுக்கலாம். கறியில மருந்தோட வெச்சுக் குடுத்து, அப்பறம் ஊரைச் சுத்தி வேலியில தினமும் தெளிச்சுட்டா, ஒண்ணுகூட உள்ள வராது. வாய்க்கால் மேட்டுலயே பொழைச்சுக்கும்."

"துணி திரும்ப வருமா?"

"கரைச்சுத்தான் எடுக்கணும்."

வெளியே வெயிலில் இரண்டு நரிகள் கேட்டுக்கு அருகே படுத்திருந்தன. ஒன்று கூழைவாலியின் குட்டி, இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. செருப்பு இருந்த இடத்தை முகர்ந்துவிட்டு, அங்கேயே மோவாயை வைத்துக்கொண்டது.

"அவியளைக் கண்டா ஓடறதுக்கா?" என்றாள் சுகன்யா. "நெசமாத்தான் கேக்கறேன். அவியளையா?"

"வேற யாரு வாசமும் அதுகளுக்குப் பெருசு இல்லைங்க்கா."

"அவிய இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?"

"தெரியலைக்கா. நான் கூட்டத்துல அவரு கேட்டதைத்தான் நெனைச்சுக்கிட்டே இருக்கறேன். அன்னைக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லிட்டேன்."

சுகன்யா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அவள் திரும்பி வந்தபோது பை மூடியிருந்தது. ஃபஸீலா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தெளிப்பான்களை ஊரைச் சுற்றிலும் வேலிக் கம்பத்துக்கு ஒன்றாகப் பொருத்தினார்கள். விடிகாலையில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை, உஸ்ஸென்று பனிபோல அடிக்கும். கறியில் வைத்த மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை ஊசி போடுவதைத் தள்ளிவைக்க ஃபஸீலா யார் யார் காலிலோ விழுந்திருந்தாள்.

முதல்முறை தெளித்த அன்று காலை, சுகன்யா வழக்கம்போலப் படியில் உட்கார்ந்திருந்தாள். நரிகளும் வழக்கம்போல வந்தன. முன்னால் வந்த கூழைவாலியின் குட்டி, கேட்டை நெருங்கும்போது நின்றது. மூக்கைத் தூக்கியது. அதன் உடம்பு முழுக்கத் தரையோடு தாழ்ந்தது. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. பிறகு திரும்பி ஓடியது. பின்னால் வந்தவையும் ஓடின. எந்தப் பக்கம் ஓடினாலும் அதே வாசம்; முட்டி மோதி, முள்ளில் விழுந்து, ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. கடைசியில் வடகிழக்கில் திறந்துவிட்டிருந்த இடைவெளி வழியாக வாய்க்கால் பக்கம் போய் மறைந்தன. அன்றைக்கு அவை போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் கேட்டதில்லை.

சுகன்யா ஆறிப்போன காப்பியை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் அவளுக்கு அது எட்டியது. ஜன்னல் வழியாக வந்தது. வெயிலில் காய்ந்த துணி, லேசாகப் புளித்த மோர்.

அவள் வெளியே ஓடி வந்தாள். தெருவெல்லாம் அவர் இருந்தார்.

அதிலிருந்து தினமும் விடிகாலையில் வேலியோரம் போய் நிற்பது அவளுக்குப் பழக்கமாயிற்று. தெளிப்பான் உஸ்ஸென்று அடிக்கும். கண்ணை மூடிக்கொள்வாள். தீர்ந்துவிடுமே என்று ஒற்றை மூச்சோடு மூட வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். சில நாள் அழுவாள். சில நாள், தோட்டத்துக் குழாய் ஒழுகுவதையோ, தம்பி மகளுக்கு வரன் வந்திருப்பதையோ, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். வேலிக்கு அப்பால் தொலைவில் நரிகள் தெரியும். கிட்ட வராது. அவற்றைப் பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவளுக்குக் கிடைத்தது அவற்றிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது.

சங்கக் கூட்டத்தில் ஒருநாள், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் எழுந்தாள். "அதென்னங்க, காலையிலயும் சாயங்காலமும் ஒரே வேர்வை நாத்தம்? பஸ்ஸுல கூட்டத்துல நிக்கற மாதிரி இருக்குது. வேற நல்ல வாசமா மாத்தக் கூடாதா? வீட்டுக்கு ஒறம்பரை வந்தாக் கேக்கறாங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள்.

சுகன்யா எழுந்தாள். பேச வேண்டும் என்று நினைத்து எழவில்லை. "அது எங்கூட்டுக்காரரோட வாசமுங்க" என்றாள்.

அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். லோகநாதன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வாசத்தைப் பற்றி ஊரில் யாரும் முணுமுணுக்கவில்லை. தனக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று சுகன்யா நினைத்தாள். அவர்கள்மேல் அவளுக்கு ஒரு பிரியம் வந்தது. அந்தப் புதுப் பெண் ஒருநாள் வீடு தேடி வந்து முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள்.

காலம் போயிற்று. எலிகள் திரும்பவும் வந்தன. ஆனால் அதற்குள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்திருந்தது. ஆளுக்கு ஒரு ஊசி. எல்லாம் அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்று லோகநாதன் சுகன்யாவின் கேட்டருகே நின்று, கையில் ஒட்டிய பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்ச வருசம் பொறுத்திருந்தா நரியே வேண்டியிருந்திருக்காது அம்மிணி." பிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல வேகமாக நடந்து போனார்.

ஃபஸீலா விடைபெற வந்தாள். ஓசூர்ப் பக்கம் மாற்றலாகியிருந்தது. இந்தமுறை காப்பியைக் குடித்தாள். வாய்க்கால் மேட்டில் நரிகள் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். வேட்டையாடுகின்றன, வளை தோண்டுகின்றன, ஆளைக் கண்டாலும் இப்போது கொஞ்சம் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

"அந்த மருந்தைத் தின்னாத குட்டிகளும் வேலியைக் கண்டா ஓடுதுங்க்கா. பொறந்ததுல இருந்தே. தாய்கிட்ட இருந்து ரத்தத்துல போயிருக்குது. அண்ணனைப் பாத்ததேயில்லை அதுக."

"ம்" என்றாள் சுகன்யா. பேச்சை மாற்றுவதற்காக, "நீங்க போயிட்டா அந்தத் தெளிக்கறதை யாரு பாத்துக்குவா?" என்று கேட்டாள்.

"சங்கத்துல பாத்துக்குவாங்க. எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். அது இப்ப முன்னை மாதிரி தொந்தரவும் இல்லையே." ஃபஸீலா புன்னகைத்தாள். "அந்தக் கூட்டம் முடிஞ்சதும் லோகநாதன் ஐயா எனக்குப் போன் பண்ணுனாருக்கா. அழுதாரு. 'தெருவுல நடக்கறப்பெல்லாம் அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கும், அதைத் தாங்கிட்டு நிக்குதே, ஏதாச்சும் பண்ணும்மா'ன்னாரு. எனக்கும் அதுவரைக்கும் தோணலை பாருங்க. பாவம் நீங்க. அதுக்கப்பறம் லேப்புல உக்காந்து, மனுச மூக்குக்கு எட்டற பாகத்தையெல்லாம் எடுத்துட்டேன். நரிக்கு மட்டும் எட்டறதை வெச்சுக்கிட்டேன். அதுல இருந்து நம்மளுக்கு வெறும் தண்ணி மாதிரித்தான்."

சுகன்யாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"எப்ப இருந்து?"

"ஏன், போன வருசம் தை மாசத்துல இருந்தே. உங்ககிட்டச் சொன்னா மறுபடி அதை ஞாபகப்படுத்தற மாதிரி ஆயிருமுன்னு யாரும் சொல்லலை. நீங்களே கவனிச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

சுகன்யா ஜன்னலைப் பார்த்தாள். போன வருடம் தையிலிருந்து. இன்று காலையிலும் அவள் வேலியோரம் நின்றிருந்தாள். நேற்றும். தம்பி மகளின் கல்யாணம் முடிந்ததைச் சொன்னாள். அவர் இருந்தார். தெளிவாக, வெயிலும் மோருமாக.

"அக்கா? தப்புப் பண்ணிட்டனா?"

"இல்லை அம்மிணி." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்காகத்தான செஞ்சீங்க. எல்லாரும். நல்லதுதான்."

"கண்ணு கலங்கியிருக்குது."

"நீங்க ஊரை உட்டுப் போறீங்கள்ல, அதுக்குத்தான்."

ஃபஸீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள் சுகன்யா.

மறுநாள் விடிகாலை வேலியோரம் போனாள். தெளிப்பான் உஸ்ஸென்று அடித்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். ஈரத் தழை, நனைந்த சிமெண்டு, எந்த வீட்டிலோ கடுகு தாளிக்கும் வாசம். வேறு எதுவும் இல்லை. இன்னும் கிட்டப் போனாள். குழாய் முனைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். நெற்றியும் கன்னமும் நனைந்தன. மறுபடி இழுத்தாள். நேற்று வரை வந்ததுதானே என்று, அந்தச் சட்டையை நினைத்தாள், அவர் கழுத்தை நினைத்தாள், அடுக்களையில் அவர் பின்னால் வந்து நிற்பதை நினைத்தாள். அவர் முகம் வந்தது. குரலும் வந்தது. வாசம் மட்டும் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாய்க்கால் மேட்டில் ஒரு பெண் நரி நின்றிருந்தது. அதன் காலடியில் மூன்று குட்டிகள். இந்த வருடத்துக் குட்டிகள். ஒன்றன் வாலை ஒன்று கடித்து உருண்டுகொண்டிருந்தன. சுகன்யா அசையாமல் நின்றாள்.

காற்று திரும்பி வாய்க்கால் பக்கமாக வீசியது.

தாய் தலையைத் தூக்கியது. குட்டிகள் விளையாட்டை நிறுத்தின. மூன்று சின்ன மூக்குகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. பிறகு அவை நடுங்கிக்கொண்டு, கரைச்சரிவில் தடுக்கி விழுந்து எழுந்து, தாயின் பின்னால் ஓடின.

காற்றில் அவர் இருக்கிறார் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவை மறைந்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முகத்திலிருந்த ஈரத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தவள், துடைக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.